காற்று எந்தப் பக்கம்

ஹான்காக், மிச்சிகன்
9 செப்டம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

அய்லி எழுதுகிறேன். பேருந்து தாமதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தது. நானும் சைமா சித்தியும் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஆட்டக்காரர்களுக்கெல்லாம் ஐஸ் வைக்கச் சொல்கிறீர்கள், உங்களுக்கு வைத்துக்கொள்வதில்லை.

பேக்கரியில் மறுபடி சேர்ந்துவிட்டேன். முதல் நாளே ஹெய்க்கினென் அம்மா எல்லோர் முன்னாலும், “ஏண்டி, உங்கப்பாவோட ஃபுட்பால் முகாம்ல கோடை முழுக்க அத்தனை ஆம்பளைங்க துணியைத் துவைச்சுட்டு வந்திருக்கே. ஒரு வார்த்தையாவது பேசினியா?” என்று கேட்டார். ரொட்டி வாங்க வந்திருந்த சித்தி, “இவளா? அந்தத் துணிகிட்டகூடப் பேசியிருக்க மாட்டா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆனால் பேசினேன் அப்பா. எதிரணி உதைக்கிற பந்தைக் கையில் பிடிக்கும் லவெல் காஸ்கினிடம் பேசினேன். சாயங்காலம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு நாம் மூன்று பேர் மட்டும் மைதானத்தில் இருப்போமே, அப்போது. நீங்கள் பந்து எடுக்கப் போயிருந்தீர்கள். அவர், பந்து போட நின்ற என்னையும் பந்து வீசும் மெஷினையும் பார்த்து, “இந்த மெஷினுக்காவது வாய் இருக்கு, பந்தைத் துப்புது. உனக்கு அதுவும் இல்ல” என்றார். “மெஷின் பந்தைக் கீழே விடாது” என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் செய்வதுபோல் இங்கே கால்வாய்ப் பாலத்தருகே புல்லைப் பிய்த்து மேலே போட்டுக் காற்று பார்க்கிறேன். வேலைக்குப் போகிற வழி அதுதான்.

வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நடக்கும்போது சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
அய்லி


டொலிடோ, ஓஹியோ
21 அக்டோபர் 1984

அய்லிக் குட்டிக்கு,

முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் சைமாவும் குளிருக்கு விறகு வாங்கி வைத்துவிட்டீர்களா?

நேற்றும் ஜெயித்தோம். கடைசிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டால் என் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டுவதாகத் தலைமைப் பயிற்சியாளர் ஹோல்கம் சொல்லியிருக்கிறார். நீட்டினால் ஒரு வீடு எடுப்பேன். உனக்குத் தனி அறை, கதவோடு. சித்தி வீட்டு சோபாவை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நீ பள்ளிக்கூடத்தை விட்டது உன் குற்றமில்லை. ஒவ்வொரு அணியும் என்னை வெளியே அனுப்பியபோது நீதான் இன்னொரு ஊரில், இன்னொரு வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் நீ சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாய். அது என்னால் வந்தது. இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

காஸ்கின் உன்னை விசாரித்தான். “கோச், பந்துக்காரி எப்போ வரும்? என்னை மதிக்காத ஒரே ஆளு அதுதான்” என்றான்.

ஒரு விஷயம். அந்த மாலைப் பயிற்சியைப் பற்றி யாரிடமும் பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதே. ஹோல்கமுக்கு அவருடைய பத்து கஜக் கோடு வேதம் மாதிரி.

அன்புடன்,
அப்பா


ஹான்காக்
18 டிசம்பர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? தோற்ற பிறகு நீங்கள் இரண்டையும் மறந்துவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹெய்க்கினென் அம்மா வீட்டில் ஆட்டம் பார்த்தோம். பெரிய டிவி. பாதித் தெரு வந்திருந்தது, உங்களுக்காக. கடைசி நிமிடங்களில் அவர்கள் உதைத்த பந்து லவெல் தலைக்கு மேலே போனது. அவர் திரும்பி ஓடி, கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்தார். கையிலிருந்து நழுவியது. அவர்கள் ஆள் அதன்மேல் விழுந்தான். எல்லோரும் கத்தினார்கள். பந்து அவர்களுக்குப் போனது, ஆட்டமும் போனது.

டிவியில் வர்ணனை செய்தவர், “பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும், பத்து கஜக் கோட்டுக்குப் பின்னால போய்ப் பிடிக்கக் கூடாதுன்னு!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தி என்னிடம், “பின்னால போனா என்னவாம்?” என்று கேட்டாள். குதிகாலைப் பத்து கஜக் கோட்டில் வைத்து நிற்க வேண்டும், தலைக்கு மேலே போகிற பந்தை விட்டுவிட வேண்டும், அது உருண்டு கோல் கோட்டைத் தாண்டிவிடும், நஷ்டமில்லாமல் பந்து நமக்கே வரும் என்று சொன்னேன். “இவ்வளவுதானா? அப்போ அவன் ஏன் போனான்?” என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அப்புறம் உங்களைக் காட்டினார்கள். “அந்தத் தப்பு என்னோடது. நான் அவனுக்கு இன்னும் நல்லா சொல்லிக்கொடுத்திருக்கணும்” என்றீர்கள். ஹெய்க்கினென் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாருடி, உங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன்! பையன் பண்ணதைத் தன் தலையில தூக்கி வச்சுக்கறாரு.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிவியில் கொடிக்கம்பத்தைக் காட்டவே இல்லை. அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது அப்பா?

உங்கள் மகள்,
அய்லி


டொலிடோ
6 ஜனவரி 1985

அய்லிக் குட்டிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ பின்னி அனுப்பிய காலுறை சரியாக இருக்கிறது.

நல்ல செய்தி. கடைசிச் சுற்றுக்குப் போகாவிட்டாலும் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள். ஹோல்கம் என் கையைக் குலுக்கி, “ரெய்னோ, பத்திரிகைக்காரங்க முன்னால நீ நின்ன விதம் இருக்கே, அது எனக்குப் பிடிச்சது. அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்” என்றார்.

வீடும் பார்த்துவிட்டேன். இரண்டு படுக்கையறை. உன் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று எழுது, நானே அடிக்கப்போகிறேன்.

செவ்வாய்க்கிழமை காஸ்கினை அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொழில் அப்படித்தான்.

அன்புடன்,
அப்பா


ஹான்காக்
20 ஜனவரி 1985

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே பனி ஜன்னல் விளிம்பு வரை வந்துவிட்டது. சித்திக்கு இருமல், ஆனால் சண்டை போடத் தெம்பு இருக்கிறது. உங்கள் முழங்கால்?

உங்கள் கடிதத்தை பேக்கரியின் குளிர் அறையில் நின்று படித்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். வெளிர் பச்சை வேண்டும் அப்பா. மரம் இலை விடும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி இருக்கும்.

லவெலிடம் யார் போய்ச் சொன்னது? முகாமில் அந்தச் சத்தமில்லாத செருப்புக்காரர் காலையில் அணியிலிருந்து நீக்குகிறவர்களின் கதவைத் தட்டி, “கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா” என்பாரே, அவரா? புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா? அவர் ஏதாவது சொன்னாரா?

அவருக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னியிருக்கிறேன். விலாசம் இருந்தால் அனுப்புங்கள்.

போன கடிதத்தின் கடைசித் தாள் உறைக்குள் ஒட்டிக்கொண்டு உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அதில் காற்றைப் பற்றி ஒன்று கேட்டிருந்தேன்.

உங்கள் மகள்,
அய்லி


டொலிடோ
3 பிப்ரவரி 1985

அய்லிக்கு,

நலம். சைமாவை மருத்துவரிடம் கூட்டிப் போ, அவள் சொல்வதைக் கேட்காதே.

காஸ்கின் அவன் அம்மா வீட்டில் இருக்கிறான். அலபாமா, மொபீல். விலாசம் பின்பக்கம். அனுப்புவதென்றால் தொப்பியை மட்டும் அனுப்பு.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. “நன்றி கோச்” என்றான்.

அவனைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஒமாஹா அணியிலிருந்து மெர்ல் ஸ்ட்ரவுட் போன் செய்தார், என் பழைய நண்பர். ஓர் ஆட்டக்காரனை எடுக்கும் முன் அவனுடைய பழைய பயிற்சியாளரிடம் கேட்பது எங்களுக்குள் வழக்கம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

காற்றைக் கேட்டாய். ஏரிக்கரை மைதானம் அது. காற்று சுற்றிச் சுற்றி வரும். எந்தப் பக்கம் என்று யாரால் சொல்ல முடியும்?

மார்ச் 30க்குப் பேருந்துச் சீட்டு இதனுடன் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் வாங்கிவிட்டேன்.

அப்பா


மொபீல், அலபாமா
24 பிப்ரவரி 1985

பந்துக்காரிக்கு,

நானும் என் அம்மாவும் சௌக்கியம். உங்கள் ஊரில் மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா, உறைந்துவிட்டார்களா? இங்கே அரைக்கைச் சட்டையில் திரிகிற ஊரில் உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மாமாவின் டயர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் “தலையில என்னடா பூனை?” என்று கேட்கிறார்கள். கழற்ற மாட்டேன்.

ஒமாஹாவில் கூப்பிட்டார்கள். காலணி கொடுத்தார்கள், ஓடவிட்டார்கள், பந்து பிடிக்கவிட்டார்கள். ஒன்றையும் கீழே விடவில்லை, மெஷின் மேல் ஆணை. மத்தியானம் ஸ்ட்ரவுட் என்னை உட்காரவைத்து, “தம்பி, உன் காலும் கையும் பிரமாதம். ஆனா சொன்னதைக் கேக்கற ஆளு இல்லேன்னு ஒரு பேச்சு இருக்கு. அப்படிப்பட்டவனை நான் எப்படி எடுக்கறது?” என்றார். “சரிங்க சார்” என்று காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “சொன்னதைக் கேக்காத பிள்ளையா நான் பெத்தேன்? ஞாயித்துக்கிழமை சர்ச்சில ஆடாம அசையாம உக்காந்திருப்பானே!” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை.

உன் அப்பாவிடம் எதையும் கேட்காதே. பயிற்சியாளரைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கிறவன் பக்கத்தில் எந்த அணியிலும் யாரும் உட்கார மாட்டார்கள். அதோடு, பந்து என் கையில்தான் இருந்தது. நழுவியதும் என் கையிலிருந்துதான். அதை வேறு யார் மேலும் போட முடியாது.

தொப்பிக்கு நன்றி. வாய் திறந்து பேசிக்கொண்டிரு.

லவெல்


ஹான்காக்
10 மார்ச் 1985

அன்புள்ள அப்பாவுக்கு,

சித்தியின் இருமல் நின்றுவிட்டது. நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், முழங்காலுக்கு.

பேருந்துச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். போனில் பேசினால் இதற்குள் போனை வைத்துவிட்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். முகாமில் நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் லவெலிடம் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. “உதைக்கிறவனுக்கு எதிர்க்காத்து அடிச்சா, மேல போற பந்து உருளாது, விழுந்த இடத்துலயே நின்னுடும். அவங்க ஓடிவந்து நம்ம கோல் கோட்டுகிட்டயே அமுக்கிடுவாங்க. அப்போ கோட்டை மறந்துடு. பின்னால போய்ப் பிடி.” அவர், “ஹோல்கம் சார் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னாரே” என்றார். நீங்கள், “ஹோல்கமுக்குக் காத்து தெரியாது. நான் சொல்றதைச் செய்” என்றீர்கள். இருட்டும் வரை அதையே செய்தார். நான்தான் பந்து போட்டேன்.

அவர் பந்தைக் கீழே விட்டார். அது அவருடையது என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் போனது யாருடையது என்று அவர் எழுதவில்லை, எழுதவும் மாட்டார். ஆனால் ஒமாஹாவில் அவரைச் சொன்னதைக் கேட்காதவர் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

நீங்கள் டிவியில் தப்பு என்னுடையது என்றபோது எல்லோரும் உங்களைப் பெரிய மனிதர் என்றார்கள். நீங்கள் சொன்னது நிஜமாகவே இருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அது உங்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

பச்சை அறை எனக்கு வேண்டும் அப்பா. அந்த வீட்டைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. ஆனால் அங்கே படுத்தால், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அவர் கட்டிலில் படுத்த மாதிரி இருக்கும்.

ஸ்ட்ரவுட்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நான் கேட்டதும் பார்த்ததும் மட்டும். தபால்தலை ஒட்டி, உறையை மூடாமல் இதோடு வைத்திருக்கிறேன். நான் தபாலில் போடவில்லை. நீங்கள் போடலாம், கிழித்தும் போடலாம். இன்னொன்று எழுத மாட்டேன்.

உங்கள் மகள்தான்,
அய்லி


ஹான்காக்
14 ஏப்ரல் 1985

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சித்தி போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

நான் கோபமாக இல்லை. ஹெய்க்கினென் அம்மா தினமும், “எப்போடி கிளம்பறே? அப்பா வீட்டுக்குப் போறவ முகமா இது?” என்று கேட்கிறார். “பனி உருகட்டும்” என்று சொல்லிவைத்திருக்கிறேன். உருகத் தொடங்கிவிட்டது. வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

உடம்பு சரியில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். மற்றதைப் பற்றி எழுத வேண்டாம்.

அய்லி


மொபீல்
12 மே 1985

பந்துக்காரிக்கு,

அம்மா உன்னைக் கேட்டாள். தொப்பியைத் துவைத்துப் பாதியாகச் சுருக்கிவிட்டாள், அதற்கு அவள் சார்பில் மன்னிப்பு.

ஒமாஹாவில் மறுபடி கூப்பிட்டார்கள். ஸ்ட்ரவுட், “காத்து உதைக்கிறவனுக்கு எதிரா அடிச்சா நீ என்ன பண்ணுவே?” என்று கேட்டார். “நீங்க சொல்றதைப் பண்ணுவேன் சார்” என்றேன். “டொலிடோவுல உனக்கு என்ன சொன்னாங்க?” நான் காலணியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் சிரித்தார். “வாயைத் திறக்க மாட்டே இல்ல? பரவாயில்ல. சொன்ன ஆளே கார் ஓட்டிக்கிட்டு வந்து, இதே நாற்காலியில உக்காந்து சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றார்.

முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நிலைப்பேனா என்பது ஆகஸ்டில் தெரியும். போதும், எனக்கு அதுவே போதும்.

நீ எதையும் கேட்கவில்லை என்று நம்புகிறேன். நம்பாமலும் இருக்கிறேன்.

லவெல்


டொலிடோ
2 ஜூன் 1985

அய்லிக் குட்டிக்கு,

நீயும் சைமாவும் நலமாக இருப்பீர்கள். முழங்கால் மோசம். நீண்ட தூரம் கார் ஓட்டினேன்.

உன் இரண்டு கடிதங்களும் மேஜை மேல் இருந்தன. நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரவுட்டுக்கு நீ எழுதியதைப் பல முறை உறையிலிருந்து எடுத்தேன், உள்ளே வைத்தேன். அதைத் தபாலில் போடவில்லை. அதில் இருப்பதை நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. திருப்பி அனுப்புகிறேன். தபால்தலையைப் பிரித்து வேறு எதற்காவது ஒட்டிக்கொள், நல்லதாகத்தான் இருக்கிறது.

ஒமாஹாவுக்குப் போகும் முன் ஹோல்கமிடம் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, “கோட்டைத் தாண்டச் சொன்னியே, அதைக்கூட விட்டுடுவேன் ரெய்னோ. அந்தப் பையன் என் முன்னால நின்னு புத்தகத்தை வச்சுட்டுப் போனப்போ நீ பக்கத்துலதானே நின்னே?” என்றார். நின்றேன். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என் கதவைத் தட்டினார்கள். அந்தச் செருப்புக்குச் சத்தமே கிடையாது, நீ சொன்னது சரி.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் அறையில் ஒரு சுவர் மட்டும்தான் பச்சையாகியிருந்தது. மீதிப் பெயின்ட் காரில் இருக்கிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஹூட்டன் பள்ளியில் ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். ஹான்காக்கில் வாடகைக்கு ஏதாவது இருக்கிறதா என்று சைமாவைக் கேட்கச் சொல். சின்னதாக இருந்தாலும் சரி. கதவுள்ள அறை ஒன்று வேண்டும்.

நீ ஒன்று கேட்டிருந்தாய். அன்று காற்று லவெலின் முதுகுப் பக்கமிருந்து, உதைப்பவன் முகத்துக்கு நேராக அடித்தது. நான் ஓரத்தில் நின்று புல்லைப் பிய்த்துப் போட்டுப் பார்த்தேன். அது உதைப்பவன் இருந்த பக்கம் பறந்தது. பார்த்துவிட்டுத்தான் லவெலுக்குக் கை காட்டினேன், பின்னால் போ என்று. அவன் தலையாட்டினான்.

உன் அப்பா,
ரெய்னோ